மாப்பிள்ளை தோற்ற வழக்கு

வியாழன், இரவு

என் வீட்டு வாசலுக்கு வண்டி வரும் பாதைக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு நடந்த வழக்கில் சிதம்பரத்தில் தோற்றேன். எனக்காக வாதாடியவர் என் மாப்பிள்ளை. அப்பீலுக்கு வேறு வக்கீல் தேடி, வீட்டில் சொல்லாமல் இன்று கடலூர் போனேன்.

பெரிய வக்கீல் தீர்ப்பைப் படித்தார். "எதிர்த்தரப்பு சாட்சிய ஒரு கேள்விகூடக் கேக்கலியே. யாருங்க அந்த வக்கீலு?"

"எங்க ஊர்ப் பக்கந்தாங்க."

"அப்பீல்ல ஜெயிச்சிடலாம். அவருகிட்டேர்ந்து கேஸ் கட்ட மட்டும் வாங்கியாந்துடுங்க."

மாப்பிள்ளையிடம் கேஸ் கட்டைக் கேட்டால் மகள் பேச்சை நிறுத்திவிடுவாள். யோசித்துக்கொண்டே வீடு சேர்ந்தபோது மாப்பிள்ளையே போன் செய்தார்.

"கவலப்படாதீங்க மாமா. அப்பீலயும் நானே பாத்துக்கறேன்."

"ரொம்ப சந்தோஷம் மாப்ள" என்றேன்.

நாளை முதல் கொல்லைப்புறமாக வண்டியை எடுத்துப் பழக வேண்டும்.