தெளிந்த தண்ணீரை நம்பாதே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். நீயும் நலம் என்று போனில் சொல்கிறாய், பாதிதான் நம்புகிறேன், குரல் கம்மியிருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தொட்டி விஷயமாகத்தான் எழுத உட்கார்ந்தேன், போனில் பேசினால் அப்பா காதில் விழும். துணி துவைத்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் பின்வாசல் தொட்டிக்குள் போனால், நீ கண்ணாடித் தட்டுகளில் பூசி அனுப்பிய நுண்துகள் வெயில் பட்டதும் சோப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் உடைத்துவிடும் என்றாய். நீ சோதித்துப் பார்க்க அந்தத் தொட்டியிலிருந்து பிடித்ததாகச் சொல்லி அப்பா வாராவாரம் அனுப்பிய பாட்டில் தண்ணீரும் பளிச்சென்று இருந்ததாமே. எனக்கு அப்போதே உறுத்தியது. முதலில் குழாய் ரிப்பேர்காரர் மேல்தான் சந்தேகம், குடிநீர்க் குழாயை இதில் இணைத்துவிட்டாரோ என்று. பாவம், அவர் மேல் தப்பில்லை. பிறகு ஒருநாள் அப்பா காலி பாட்டிலோடு சீட்டியடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். சும்மா சமையலறைக்குள் வருகிற ஆளா அவர்? பின்னாலேயே போனேன். குடிதண்ணீர் ஃபில்டரைத் திறந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டிருக்கிறார்! கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டால், "தொட்டியில கலங்கலாத்தான் வருது, அத எப்படி அனுப்புறது, புள்ள மனசு ஒடஞ்சிடும்" என்கிறார். கலங்காமல் என்ன செய்யும்? போய்ப் பார்த்தால் தொட்டி மேல் தார்ப்பாயை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார், "வெல ஒசந்த சாமான், வெயில்ல பாழாயிடும்" என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

அந்தப் பாட்டில்களை நம்பித்தானே ஒரு குடியிருப்பு முழுவதற்கும் இதை வைக்கலாம் என்று நீ கையெழுத்துப் போடப் போகிறாய். போடாதே. குழந்தைகள் விளையாடுகிற புல்வெளிக்கு அந்தத் தண்ணீரைப் பாய்ச்சப் போவதாகச் சொன்னாயே, நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

தார்ப்பாயை நானே பிரித்துப் போட்டேன். நல்ல வெயில் பட்ட பிறகு எடுத்த தண்ணீரை இத்துடன் கூரியரில் அனுப்புகிறேன், அப்பா கையில் கொடுக்கவில்லை. வாடை குறைந்திருக்கிறது, கலங்கல் முழுதாகப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பழையதையெல்லாம் கொட்டிவிடு. அப்பாவை ஏசாதே, உன் மேல் உள்ள ஆசையில் செய்த கிறுக்குத்தனம்.

நீ நோய்நொடி இல்லாமல், நல்ல பெயரோடு இருக்க வேண்டும் அம்மா. பாட்டிலைத் திறந்ததும் முகத்தைச் சுளிக்காதே. நம் வீட்டிலிருந்து உனக்கு வந்த உண்மையான தண்ணீர் இது ஒன்றுதான்.

இப்படிக்கு,
நீயும் அப்பாவும் சந்தேகப்பிராணி என்று சொல்கிற
உன் அம்மா