கூகைப் பெட்டியின் வாய்

8 மார்ச் 2009, ஞாயிறு

கடும் வெயில். பகல் முழுவதும் பலகை அறுப்பு. இடது கைப் பெருவிரலில் சிராய்.

கூகைப் பெட்டி முடிந்தது. பலகை: நாங்கள் இரண்டு வருடம் கிடந்த தற்காலிகக் கொட்டிலின் கதவு. மூடி: அதே கொட்டிலின் கூரைத் தகரம். ஆணி மட்டும் புதிது.

காரணம் எலி. வயலை மண் போட்டு நிரப்பி எங்களைக் குடியேற்றினார்கள். எலிகளுக்கு யாரும் அறிவிக்கவில்லை போலும், இதை இன்னும் வயல் என்றே நினைத்துக்கொண்டு வருகின்றன. இந்தக் கிழமை கடித்தவை: சவர்க்காரக் கட்டி இரண்டு, ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத் தாள்கள் (திருத்தாதவை, ஆகவே பெரிய நட்டமில்லை), என் மனைவி ரஹீமாவின் தொழுகைச் சீலை ஓரம்.

தங்கராசா சொன்ன யோசனை இது. வீரமுனைக்காரர், விவசாயப் போதனாசிரியர், பழைய சிநேகிதர். "நஞ்சு வெக்காதீங்க மாஸ்டர். கூகைக்கு ஒரு வீடு கட்டிக் குடுங்க. ஒரு சோடி வந்திட்டா எலி தன்பாட்டில குறையும்." துண்டுப்பிரசுரம் ஒன்றும் தந்தார்.

பின்வளவில் ஒரு மருதமரம். பழைய வரம்பில் நின்றது. நிரப்பியவர்கள் வெட்ட மறந்தது. அதில் கட்டினேன். துண்டுப்பிரசுரத்தில் உள்ளபடி பெட்டியின் வாய் கிழக்கே.

மரத்தால் இறங்க முதல் குசினிக் கதவில் ரஹீமா. "அங்கால திருப்புங்க."

கடலைப் பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். இதற்கு விளக்கம் தேவையில்லை. கடல் இங்கிருந்து இரண்டு மைல். ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் கிழக்கே வாசல் வைத்த வீடு ஒன்றும் இல்லை. கிழக்கு யன்னல்களுக்கு ஆணி அடித்திருக்கிறது. உள்ளே அவிந்து சாகிறோம், திறக்க மாட்டோம்.

2004 டிசம்பரில் எங்கள் ஒரே பிள்ளை ஹஸ்னாவைக் கடல் கொண்டு போனது. ஒன்பது வயது. மையித்தும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ர. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம். இன்று அதில் இரண்டை எனக்குத் தந்திருக்கிறாள். மேற்கே திருப்பினேன்.

21 மார்ச், சனி

கூகை இல்லை. மைனாச் சோடி ஒன்று வந்து உள்ளே பார்த்தது, பிடிக்கவில்லை, போய்விட்டது. குடியேற்ற வீட்டின் தரம் அதற்கும் தெரிகிறது.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ஆசியா ராத்தா: "என்ன தம்பி, சாக்குருவிக்கு வெத்தில வெச்சி அழைக்கிறயாமே? எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தின கததான்."

துணி காயப் போட்டுக்கொண்டிருந்த ர. திரும்பாமலே சொன்னாள்: "வரட்டும் ராத்தா. எங்கட ஊட்டில இனி கொண்டு போக என்ன இரிக்கி?"

ராத்தா வேலியை விட்டு உள்ளே போனாள். அவளும் அன்றைக்கு இரண்டு பேரைக் கடலுக்குக் கொடுத்தவள். எனக்கோ, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், சந்தோஷம். ஒரே மூச்சில் இத்தனை சொல்!

9 ஏப்ரல், வியாழன்

வந்துவிட்டன. சோடி. மஃரிப் தொழுதுவிட்டு இருட்டோடு வரும்போது பெட்டி வாசலில் ஒன்று. வெற்றிலை வடிவத்தில் வெள்ளை முகம். சத்தமே இல்லாமல் பறக்கிறது.

மரத்தடியில் அது கக்கிய உருண்டை. பிரித்தேன். எலி மண்டையோடு மூன்று. எட்டாம் வகுப்புக்குக் காட்டலாம்.

ர. பார்க்க வரவில்லை. ஆனால் குசினி விளக்கை அணைத்துவிட்டாள். அதன் கண் கூசுமாம்.

14 மே, வியாழன்

குஞ்சு. நாலு. ஐந்தாவது முட்டை கூழ்.

பெரிய ஆச்சரியம் அதுவல்ல. நான் பள்ளியால் வரும்போது ர. மருதடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். குஞ்சுகள் குறட்டை விடுவதுபோல் சீறுகின்றன. அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"எத்தின?"

ஏணியில் ஏறிப் பார்த்து, நாலு என்றேன்.

"ஓம். நாலு சத்தம் கேக்குது. மூத்ததுதான் கூடக் கத்துது. கடக்குட்டிக்கு அதுகள் குடுக்கிறயில்ல போல."

சிரித்தாள் என்று எழுத வந்தேன். சிரிக்கவில்லை. வாயோரம் கொஞ்சம் அசைந்தது. அளந்துதான் எழுத வேண்டும். நம்பிக்கை வைக்கிற பழக்கத்தை நான் விட்டு நாலரை வருடம்.

19 மே, செவ்வாய்

யுத்தம் முடிந்ததாம். காலையிலிருந்து கல்முனையில் கொண்டாட்ட வெடி. சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பாற்சோறு கொடுத்தார்கள். வாங்கினேன். வாங்காமல் கடந்து வரத் தைரியம் இல்லை. தின்னவும் முடியவில்லை. கொண்டு வந்து காகத்துக்கு.

வழியில் தங்கராசா. சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு போனார். அவருடைய அக்கா குடும்பம் யுத்தத்துக்குள், வன்னியில். மூன்று மாதமாகத் தகவலில்லை. எப்படிக் கேட்பது என்று நான் சைக்கிள் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரே, "குஞ்சுகள் எப்படி மாஸ்டர்?" என்றார். பத்து நிமிடம் கூகைக் குஞ்சு பற்றிக் கதைத்தோம்.

வெடிச் சத்தத்துக்குத் தாய்க் கூகை ஓடிவிடும் என்று பயந்தேன். ஓடவில்லை. ராத்தா சொன்னாள்: "உன்ட பொஞ்சாதி விடியக்கொள்ள இருந்து மரத்தோட கதைக்கிறா தம்பி. 'சத்தம் மட்டுந்தான், தண்ணி இல்ல, பயப்பிடாதீங்க' எண்டு சொல்லிக்கிட்டு நிக்கிறா."

3 ஜூன், புதன்

கச்சான் தொடங்கிவிட்டது. மேற்கே காய்ந்த தரையெல்லாம் கடந்து வரும் சூட்டுக் காற்று. உதடு வெடிப்பு. துணி பத்து நிமிடத்தில் காய்கிறது. வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு மூக்கால் இரத்தம்.

பெட்டியில் சத்தம் குறைவு. ர. குளிக்கும் நேரம் பார்த்து ஏறினேன். இரண்டு செத்துப்போய்க் கிடந்தன. கடைக்குட்டியும் அதற்கு மூத்ததும். பாரமே இல்லை. சாரத்து மடிக்குள் மறைத்துக் கொண்டுபோய் வேலிக்கு வெளியே புதைத்தேன்.

பின்னேரம், அஸர் நேரம்: "எத்தின?"

"நாலு."

அவள் மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள். காதால் எண்ணுபவளிடம் என்ன பொய்!

6 ஜூன், சனி

விடிய மூன்றாவதும் செத்தது. மூத்தது மட்டும் மிச்சம். வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்குகிறது.

தங்கராசாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். ஏணியில் நாலு படி ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மாஸ்டர், ஆர் இத மேக்க பாக்க வெச்ச? கச்சானுக்கு நேர வாயத் திறந்து வெச்சிருக்கிறீங்களே. இது பெட்டியில்ல, அடுப்பு."

பின்னால் தேத்தண்ணித் தட்டோடு ர. பேச வேண்டாம் என்று அவருக்குக் கை காட்டினேன். அவர் கவனிக்கவில்லை.

"கிழக்க பாத்திருந்தாப் பகல்ல கடல் காத்துக் கிடைச்சிருக்கும். நாலும் பிழைச்சிருக்கும். நான் தந்த கடதாசியப் படிக்கல்லயா?"

படித்தேன். விஞ்ஞான ஆசிரியன் நான். கடற்காற்று, தரைக்காற்று என்று பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் கொண்டிருக்கிறேன். இந்த மரத்தில் மட்டும் அது ஞாபகம் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் யாருக்குமே வந்திராது.

"நான்தான் பிழையா வெச்சிட்டன்" என்றேன். தட்டைப் படியில் வைத்துவிட்டு ர. உள்ளே போய்விட்டாள்.

அதே நாள், மஃரிபுக்குப் பிறகு

நான்: "தகரச் சூடு புள்ள. தகரம் போட்டதுதான் பிழை."

"பொய் சொல்லாதீங்க. திருப்பச் சொன்ன நான்."

மறுபடி அவளே: "அண்டைக்கும் நான்தான்."

பிறகு சொன்னாள். சொன்னபடியே எழுதி வைக்கிறேன். "தண்ணி வருது எண்டு கதவச் சாத்தப் போன. கடல் பக்கத்துக் கதவு. தாழ்ப்பாள் இறுகிட்டு. ஒரு கையால ஏலல்ல. ரெண்டு கையும் வேணும் எண்டு புள்ளட கைய விட்ட நான்."

நாலரை வருடமாக எனக்குத் தெரியாது. அன்று நான் சம்மாந்துறையில் கலியாண வீட்டில். அலை பறித்தது என்றுதான் எல்லாருக்கும் சொல்லியிருந்தாள்.

இவள் வாய் திறக்க வேண்டும் என்று ஒரு வக்துத் தொழுகை விடாமல் துஆக் கேட்டவன் நான். திறந்தாள். உள்ளே இது இருந்தது. இனி என்ன துஆக் கேட்பது?

அந்தத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடச் சொல்லி அவள் ஒரு மாதமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று நான் இழுத்தேன். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை. மறந்துவிட்டாளா, எனக்காக மறைக்கிறாளா? நானாவது சொல்லியிருக்க வேண்டும். பிழை எனக்கும் பங்கு என்று ஒரு வார்த்தை. நாக்கு எழும்பவில்லை. இந்தக் கொப்பியில் எழுத மட்டும் எழும்புகிறது. கோழை.

7 ஜூன், ஞாயிறு

நேற்றுத் தங்கராசா போகும்போது சொன்னது: இப்போது திருப்பினால் தாய் தகப்பன் வெருண்டு வராமல் விடலாம். திருப்பாவிட்டால் குஞ்சு காய்ந்து சாகும். இரண்டில் ஒன்றை நீங்களே முடிவெடுங்கள் என்றார். அவர் முகத்தில் தூக்கம் இல்லை. அக்காவைப் பற்றி இன்னும் தகவல் இல்லையாம்.

அஸருக்குப் பிறகு திருப்பினேன். கிழக்கே. ர. தானாக வந்து ஏணியைப் பிடித்தாள். "கவனம், உள்ள ஆட்டாதீங்க" என்று மட்டும். குஞ்சு ஒருமுறை சீறியது. ஈரச் சாக்கு ஒன்றைத் தகரத்தின் மேல் போட்டேன்.

இருட்டும்போது கூகைகள் வந்தன. ஒன்றின் காலில் எலி. வாசல் இருந்த பக்கம் போய் இறக்கையடித்தன. பலகைதான். இரண்டு மூன்று தரம் சுற்றின. பிறகு வயல் பக்கம் போய்விட்டன, எலியோடு.

கோழி ஈரலை அரிந்து ஈர்க்கில் குத்தி நீட்டிப் பார்த்தேன். குஞ்சு வாய் திறக்கவில்லை.

8 ஜூன், திங்கள்

விடிய, சுபஹுக்குப் பிறகு ஏறினேன். செத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. நேற்றைய காற்றா, பசியா, நான் திருப்பியதா, தெரியாது. தெரிந்தும் பயனில்லை.

உயிரோடு இருக்கிறது என்று சொல்ல ஆயத்தமாகத்தான் கீழே பார்த்தேன். ஏணியைப் பிடித்திருந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"எறக்குங்க. என்ட கையில தாங்க."

கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். முக்காட்டுத் துணியால் அதன் முகத்தைத் துடைத்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். ராத்தா வேலியில் வந்து நின்று, திரும்பிப் போனாள்.

குழி வெட்டினேன். மரத்தடியில், வளவுக்குள்ளேயே. "கொண்டா புள்ள" என்று இரண்டு தரம் கேட்டேன்.

பள்ளிக்கு லீவு சொல்லி அனுப்ப வேண்டும். மணி ஏழரை. குழி வெட்டி அரை மணித்தியாலம் ஆகிறது. குஞ்சைப் பிடித்த கையை விடுகிறாளில்லை.