கரியாஹாட்டில் வாங்கிய தோடு

17 அக்டோபர் 1996, வியாழன், கல்கத்தா

நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

மாடி வீட்டில் திருடு போனதிலிருந்து, என் வைரத் தோட்டைக் கரியாஹாட் நடைபாதையில் வாங்கிய கல் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். இன்று கொலுவுக்கு இந்தக் கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்திருக்கும் நாத்தனார், தனக்குத் தெரிந்த இந்தியில், அது அசல் வைரம், தன் அம்மா போட்டது என்று கீழ்வீட்டு பௌதியிடம் (இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பெருமையடித்தாள். அத்தனை பேரும் என் காதையே பார்த்தார்கள்.

நான் சிரித்தேன். “அக்கா என் மானத்தைக் காப்பாத்தறாங்க, பௌதி” என்று வங்காள மொழியில் சொன்னேன். பௌதி பரிதாபப்பட்டு இன்னொரு கை சுண்டல் வாங்கிக்கொண்டாள்.

எல்லோரும் போனதும், “என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டாடா” என்று நாத்தனார் தன் தம்பியிடம் அழுதாள். இவர் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

“நாளைக்கு நம்ம கதவை உடைச்சா யார் வந்து மன்னிப்புக் கேப்பாங்க?” என்றேன்.

நாத்தனார் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். படுக்கப் போகுமுன் தன் தங்க வளையல்களைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

“இதையும் பத்திரமா வை. எங்க வைப்பே?”

“உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன், அக்கா.”