ஏலத்தில் எடுத்த கிரைண்டரும் இல்லாத தங்கச்சியும்

மார்ச் 2, திங்கள்

ஃபிரிட்ஜ் விற்கிறவர் ராணுவத்தில் இருக்கிறாராம். திடீர் மாற்றலாம். அதனால் அவசரமாக ஆன்லைன் ஏலத்தில் விட்டிருக்கிறாராம். ஏலம் முடிவதற்குள் எனக்குத் தனியாகச் செய்தி: "அட்வான்ஸ் மட்டும் அனுப்புங்க மேடம், வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்." வீடியோ காலில் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டுங்கள் என்றேன். அதோடு ஆளைக் காணோம். நாட்டைக் காக்கப் போயிருப்பார்.

நாள் முழுக்கக் கம்பெனி லைனில் நின்று ஒயரில் குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம். என்னிடமேவா?

மார்ச் 4, புதன்

ஃபிரிட்ஜ் ஆசையை விட்டுவிட்டேன். இன்று ஏலத்தில் ஒரு கிரைண்டர். சின்னது, இரண்டு லிட்டர். விற்பவர் சசிரேகா, பிள்ளைப்பாக்கம். இவரிடம் முன்பு வாங்கியவர்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். ஒருவரும் திட்டவில்லை. தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு வீடியோ அனுப்பச் சொன்னேன். உடனே வந்தது. நானும் ஏலம் கேட்டுவிட்டேன்.

வீட்டுக்காரம்மா கோமதியம்மாளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. "ஒண்டி ஆளு, உனக்கு இன்னாத்துக்கும்மா கிரைண்டரு?" பாக்கெட் மாவு புளிக்கிறது என்றேன். அதுவும் உண்மைதான். ஆனால் மாவாட்டுகிற சத்தம் கேட்டால் இந்த அறை கொஞ்சம் வீடு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா?

மார்ச் 5, வியாழன்

கிரைண்டர் எனக்கே கிடைத்தது!

கூடவே ஏல ஆப்பில் அறிவுரை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்க வேண்டும். பகலில் போகவும். ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்கவும். தனியாகப் போக வேண்டாம், கூட ஒருவரை அழைத்துச் செல்லவும்.

பகல் இருக்கிறது. பணம் இருக்கிறது. கூட ஒருவர் —

மார்ச் 6, வெள்ளி

மகளிர் தினத்துக்கு முன்கூட்டியே கேன்டீனில் கேசரி போட்டார்கள். அந்த இனிப்போடு சௌந்தர்யாவிடம் கேட்டுப் பார்த்தேன். "அய்யோ, சண்டே வூட்ல விசேஷம் கீதுக்கா." விசேஷம் என்னவென்று அவளுக்கே தெரியவில்லை, முழித்தாள். போன வாரம் அவள் செய்த பீஸில் குறை என்று நான் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். அதை எப்படி மறப்பாள்?

இந்த லைனில் எல்லோருக்கும் நான் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மட்டும் ஒருத்தியும் வருவதில்லை.

தனியாகவே போய்விடலாம்தான். ஆனால் போன வருஷம் பழைய லேப்டாப் பார்க்கத் தனியாகப் போன கம்பெனி ஹாஸ்டல் பெண் கழுத்துச் செயினைப் பறிகொடுத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் அவள் யாரோடும் பேசவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 7, சனி

சசிரேகா போன் செய்தார். "எத்தினி பேரு வர்றீங்க?"

"ரெண்டு பேரு. நானும் என் தங்கச்சியும்."

"வாங்க வாங்க. எங்க வூட்டுக்காரரும் வூட்லதான் கீறாரு."

எனக்கு ஏது தங்கச்சி? சொந்த ஊர் நாங்குநேரியில் இரண்டு அண்ணன்கள், பொங்கலுக்குப் பேசுவார்கள். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது! வூட்டுக்காரர் இருக்கிறார் என்பது நல்லதா கெட்டதா, அதுவும் புரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

போனேன். தனியாகத்தான்.

வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி. சசிரேகா என்னைவிடப் பெரியவர், நாற்பத்தைந்து இருக்கும். எனக்கு அக்கா என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்தார்.

"தங்கச்சி எங்கம்மா?"

"பஸ் ஸ்டாப்ல நிக்காக்கா. அவளுக்குக் கால் வலி."

உள் அறையைப் பார்த்து அவர், "ஏங்க, வந்துட்டாங்க" என்று குரல் கொடுத்தார். உடனே என் பக்கம் திரும்பி, "நைட் ஷிப்ட்டு முடிச்சி தூங்கினுகிறாரு" என்றார். கிரைண்டரை ஓடவிட்டோம். குனிந்து பெல்ட்டைப் பார்த்தேன், கல்லைத் தடவிப் பார்த்தேன். ஒரு குறை இல்லை. பணத்தைக் கொடுத்தேன்.

கிளம்பும்போது என் கண் சும்மா இருக்கவில்லை. அந்த ஆண் செருப்பின் மேல் தூசி படிந்திருந்தது. ஓரத்தில் விலைச் சீட்டு கிழிக்காமல் அப்படியே. எந்தக் காலும் அதற்குள் நுழைந்ததில்லை.

கிரைண்டரைத் தூக்கிக்கொண்டேன். அவர் வாசலில் நின்று தெருக்கோடியைப் பார்த்தார். அங்கிருந்து பஸ் ஸ்டாப் நன்றாகத் தெரிகிறது. ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றவர், "இரும்மா" என்று உள்ளே போய், ஒரு ஜூஸ் பாட்டிலில் டீ ஊற்றி எடுத்துவந்தார். "தங்கச்சிக்கு குடு. பாவம், வெயில்ல நின்னுகினுகீது."

பஸ் ஸ்டாப்பில் கிரைண்டரைக் காலடியில் வைத்துவிட்டு அந்த டீயை நானே குடிச்சேன். மொதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அழுகை. எதுக்கு அழுதேன்? பொய் மாட்டிக்கிட்டதுக்கா? இல்ல. அவுகளும் ஒத்தையில கெடக்காக — ஆம்பளச் செருப்ப வாசல்ல காவலுக்கு வச்சுக்கிட்டு. தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலையே நானு. அவுகளும்தான் கேக்கல.

மார்ச் 10, செவ்வாய்

மாவு நன்றாகப் பொங்கியிருக்கிறது. ஓர் ஆளுக்கு ரொம்ப அதிகம்.

மார்ச் 12, வியாழன்

சசிரேகாவுக்கு ஆப்பில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். "பொருள் சொன்னபடியே இருக்கிறது" என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

மார்ச் 14, சனி

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது போன்.

"ஏம்மா நாச்சியாரு, சசிரேகா பேசறேன். வல்லத்துல ஒரு பழைய தையல் மிசினு ஏலத்துல எடுத்துகிறேன். நாளிக்கி பாக்கப் போவணும், கூட ஒரு ஆளு வேணுமாம். எங்க வூட்டுக்காரருக்கு லீவு இல்ல. உன் தங்கச்சிய அனுப்புறியா?"

சிரிப்பை அடக்குகிற குரல்தான், சந்தேகமில்லை.

"அவளுக்கும் லீவு இல்லக்கா" என்றேன். "நான் வாரேன்."

 "சரிம்மா" என்றார்.

வல்லத்தில்தான் நானும் இருக்கிறேன், காலையில் நேராக இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அறையில் தட்டு ஒன்றுதான் இருக்கிறது. கடை திறந்ததும் இன்னொன்று வாங்க வேண்டும்.