கிணற்றை மூடிவிட்டார்கள்

செஞ்சி
18.5.87

அன்பு மகள் வசந்தாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த நாக்பூர் வெயிலில் சுகமாயிருக்க அங்காளம்மன் துணையிருக்கட்டும். குழந்தை இந்தியில் பேசுகிறான் என்று எழுதியிருந்தாய். பேசட்டும். வீட்டுக்குள்ளாவது அவனைத் தமிழில் கூப்பிடு.

நம் தெருக் கிணற்றை மூடிவிட்டார்கள். நைனா கேட்டபடியேதான். உன் அண்ணன் முருகையன் போன சமயம் நீ பிரசவித்துக் கிடந்தாய், பலதை உனக்கு எழுதவில்லை. அன்று சாயங்காலம் ஏதோ பேச்சு வளர்ந்து, என் கண்ணு முன்னாடி நிக்காத, போடா என்றார் நைனா. முருகையன் போனான். விடிந்து பார்த்தால் கிணற்று மேடைக்குக் கீழே அவன் செருப்பு. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. தீயணைப்பு வண்டி வந்தது, ஆளை இறக்கித் தேடினார்கள். அடியில சேறு ஆள் உசரம் இருக்குது, உள்ள வாங்கிட்டா வுடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வற்றாத கிணறு, இறைத்துப் பார்க்கலாம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அவன் வேட்டி சட்டையை இடுகாட்டில் புதைத்தோம். அந்த மேடையில் உட்காரவைத்துத்தான் உன் அண்ணி ரஞ்சிதத்தின் தாலியை வாங்கினோம்.

கொஞ்ச காலம் தெருவில் யாரும் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. பிறகு கோடை வந்தது, குழாயில் காற்றுதான் வந்தது. பாத்திரம் துலக்க மட்டும் என்று ஆரம்பித்தார்கள். நைனாவால் அதைத் தாங்க முடியவில்லை. குடம் தண்ணீரில் மோதுகிற சத்தம் கேட்டால் சாப்பிடுகிற கை அப்படியே நின்றுவிடும். புள்ள தலைமேல எறக்கறாளுங்க என்பார். வெளியில் அப்படிச் சொல்லவில்லை. சுவர் இடிந்த கிணறு, பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள், மூடுங்கள் என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சந்தை நாள் தவறாமல் பஸ் ஸ்டாண்டில் நின்றார். கிணத்துக்காரரே, நீயும் ஏறிக்கிறியா என்று கண்டக்டர்கள் கேலி பேசுவார்கள். இவர் திரும்பமாட்டார்.

இந்த வருஷம் புதிதாக வந்த ஆபீசர் நைனா கொடுத்திருந்த மனுவைப் படித்துவிட்டு வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், தரையில் உட்கார்ந்து டீ குடித்தார். மூடித் தருகிறோம், மேலே அடிபம்பும் வைக்கிறோம், ஆனால் தூர் வாரிவிட்டுத்தான் சிலாப் போட முடியும் என்றார். நைனா, தூர் வார வேணாம், அப்படியே மூடுங்க என்றார். ஆபீசருக்கு அது புரியவில்லை.

டீசல் என்ஜின் வைத்து இறைத்தார்கள். மழையில்லாத வருஷம், வற்றாத கிணறு வற்றியது. பாதாளக் கரண்டிக்குச் சிக்காமல் போன குடம், வாளி, பழைய ராட்டினம் எல்லாம் மேலே வந்தன. தெருவே கூடிவிட்டது. ரோஷன் பீ ஒரு நசுங்கிய செம்பைத் தூக்கிப் பிடித்து, இதுக்காவ என் மாமியா சாவற வரிக்கும் என்ன திருடின்னு சொல்லிச்சி, இப்ப யாருகிட்ட காட்டறது என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் வசந்தா. அதன் பிறகு சேறு வந்தது. ஒவ்வொரு சட்டிச் சேற்றையும் நைனா கையால் துழாவினார். கடைசியில் தூர் வாரிய பச்சைமுத்து ஏறி வந்து, நைனாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். பாறை வரிக்கும் வழிச்சிட்டோம்மா. ஒண்ணுமில்ல.

ஒண்ணுமில்ல.

நைனா சேற்றுக் கையோடு குறுக்கே போய் நின்று, மூடாதீங்க என்றார். இன்னா பெரியவரே, நீங்க கேட்டதத்தான செய்யறோம் என்றார் ஆபீசர், கோபமில்லாமல். சிலாப் போட்டு, பொதுமக்கள் கோரிக்கையின்படி என்று பெயிண்டால் எழுதிவிட்டார்கள். ஊற்று திரும்பிவிட்டது, பம்பில் தண்ணீர் நன்றாக வருகிறது. அடித்து நிறுத்திய பிறகும் அடியில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிறது.

ரஞ்சிதத்துக்கு அனந்தபுரத்தில் அவள் அண்ணன் ஒரு இடம் பார்த்து ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறான். கிணற்றில் ஒன்றுமில்லை என்ற சேதி கேட்டதும் பஸ் ஏறி வந்துவிட்டாள். சிலாப்பைச் சுற்றி வந்தாள். மேடையில கன்னிமார் கல்லு இருக்குதே அத்த, யாரு செருப்போட ஏறுவாங்க, தண்ணி குடிக்கத்தான கழட்டியிருப்பாரு என்றாள். தினமும் நாங்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிப் போடுகிற இடம்தான் அது. அவன் செருப்பைப் பார்த்த அன்று மட்டும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. தண்ணீர் குடித்திருக்கிறான். மறுபக்கமாக இறங்கி, வெறுங்காலோடு நடந்திருக்கிறான்.

நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு என்றாள். உசிரோட இருந்தா ஒரு கார்டாவது போட்டிருப்பான், அவன் செத்துட்டான், நீ கல்யாணத்தப் பண்ணிக்கோ என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் காலைத் துடைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். நான் சொன்னது சரிதான். மறுபடி வந்து கேட்டாலும் அதையே சொல்வேன். அவளுக்கு நல்ல புடவையாக ஒன்று எடுத்து அனுப்பு, நாத்தனார் சீராக வேண்டாம், உன் பெயரில் மட்டும்.

நைனா சந்தை நாளில் இன்னும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறார். கழுத்தில் அட்டை இல்லை. அதான் மூடிட்டாங்களே, இன்னும் இன்னா என்று கண்டக்டர்கள் கேட்கிறார்கள். இவர் இறங்குகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நீங்கள் மூவரும் குறையில்லாமல் இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, இனி நான் சொல்வதை ரஞ்சிதத்துக்கு எழுதிவிடாதே. மாப்பிள்ளை தினமும் ஸ்டேஷனுக்குப் போகிறவர். வெறுங்காலோடு யாராவது பிளாட்பாரத்தில் படுத்திருந்தால் தாண்டிப் போய்விட வேண்டாம், முகத்தை ஒரு தரம் பார்க்கச் சொல். அண்ணனுக்கு இடது கால் சுண்டுவிரல் மடங்கியிருக்கும்.

இப்படிக்கு
உன் அம்மா
கோ. மீனம்பாள்