பார்க்டேல் கோப்பிக்கடைக் கோயில்

ஸ்காபரோ,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் கிறிஸ்ரினாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதாவின் துணையால் நானும் அம்மாவும் சுகம், என் முழங்காலைத் தவிர, அது சொல்வழி கேளாத பிள்ளை. ஹலிஃபக்ஸ் கடற்காற்றில் சளி பிடிக்காமல் நீ சுகமாய் இருக்கவேண்டும் என்பதுதான் இரவு செபமாலையில் எங்கள் இருவரின் மன்றாட்டும். முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா கண் காது மூக்கு வைத்துச் சொல்லிவிடுவா. போன ஞாயிறு நீ தொடங்கின பார்க்டேல் சபைக்குப் போனேன். நீ அங்கே இருந்த காலமெல்லாம் எனக்கு மிசிசாகா விமான நிலையக் கிச்சினில் ஞாயிறு வேலை, ஆகவே இதுதான் முதல் தரம். சபை கூடுகிற கோப்பிக்கடை வாசலில் ஒரு சின்ன ஸ்டூல், அதன்மேல் பளபளவென்று ஒரு கிண்ணம், நிறையத் தண்ணீர். கடையில் நடந்தாலும் என் பிள்ளை முறை தவறாமல் தீர்த்தம் வைத்திருக்கிறாள் என்று மனம் குளிர்ந்து, விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டேன். நிமிர்ந்தால் ஒரு பெரிய கறுப்பு நாய் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான் விலகினதும் வந்து அதே கிண்ணத்தில் நாக்கை விட்டு நக்கத் தொடங்கியது. அம்மா இன்னும் சிரித்து முடியவில்லை.

நான் ஏன் போனேன் என்றால், நீ அம்மாவிடம் சொன்னாயாம், ஹலிஃபக்சில் தொடங்கின புதுச் சபைக்கு ஒரு கை விரலுக்கு மேல் ஆள் வருவதில்லை, மார்கழியோடு விட்டுவிட்டுப் பழைய வங்கி வேலைக்கே வாறன், பார்க்டேலும் இவ்வளவுக்கும் கலைஞ்சிருக்கும் என்று. அம்மா உடனே உன் அறையைக் கூட்டித் துடைத்துவிட்டா. நீ வந்தால் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் தோற்றுப்போனேன் என்று நினைத்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு எந்தக் கறி வைத்தாலும் இறங்காது, ஆகவே உண்மையில் கலைந்துதான் போச்சோ என்று என் கண்ணாலேயே பார்க்க வெளிக்கிட்டேன். பக்கத்து வீட்டுப் பஸ்ரியன் அண்ணை கேட்டார், டேய் றெமி, கோபுரமில்லை, மணியில்லை, சாமியாருமில்லை, உது என்ன கோயிலடா, கோப்பி குடிக்கப் போறன் எண்டு சொல்லன் என்று. நான் சொன்னேன், அண்ணை, கோபுரம் இருந்ததுகளை அப்பார்ட்மென்ற் ஆக்கி விக்கிறாங்கள், கோப்பிக்கடை இன்னும் திறந்துதான் கிடக்கு என்று. எனக்கே தெரியாது எனக்கு அப்படிப் பேச வரும் என்று.

உள்ளே போனால் கதிரை காணாது, அவ்வளவு சனம். நீ சாவி கொடுத்துவிட்டுப் போன சலூன்காரப் பெண் டோனா அன்றைக்கு இல்லை. அந்த நாயின் சொந்தக்காரர் றையன் என்று ஒருவர், தண்டவாளத்தில் போகிற ஸ்ரீற்கார் ஓட்டுகிறவர், கழுத்துவரை பச்சை குத்தியிருக்கிறார், அவர்தான் எல்லாருக்கும் சூப் ஊற்றினார். நீ போனபிறகு வந்து சேர்ந்தவராம். சூப் முடிய வேதம் வாசித்தார்கள், இராயப்பர் யேசுவைத் தெரியாது என்று மறுதலித்த இடம். ஒரு பெண் வெட்கப்படாமல் கேட்டா, ஆர் இந்த மனுசன், ஏன் மூன்று தரம் பொய் சொல்லுது என்று. ஒருவரும் சிரிக்கவில்லை. பிறந்த நாள் முதல் பூசை காண்கிற நான் விளங்கப்படுத்துவோம் என்று வாயெடுத்து, சேவல் கூவினதைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வராமல் திரும்ப மூடிக்கொண்டேன்.

டோனா ஏன் வரவில்லை என்றால், சபைக்கு வருகிற ஒருவரின் தாய் இறந்துவிட்டா, அவருக்கு இந்த நகரத்தில் வேறு சொந்தபந்தம் இல்லை, டோனா விடியவே அங்கே போய்விட்டா. செபம் முடிய றையன் உள்ளேயிருந்து ஒரு பெரிய பானையைத் தூக்கி வந்தார். திறந்து பார்த்தேன், மகள், பருப்பு. தேங்காய்ப்பால் காணாத, உப்புக் கரிக்கிற பருப்பு, ஆனால் பருப்புத்தான். நான் புதுசு என்று நினைத்து அந்த மனுசன் எனக்குப் பொறுமையாய்ச் சொல்லித் தந்தார், சேர், செத்த வீட்டில அடுப்பு மூட்டக்கூடாது, அதால நாங்கள்தான் சாப்பாடு கொண்டுபோவம், இறைச்சி மீன் சேர்க்கிறேல்லை, இன்னொண்டு, வெளிக்கிடேக்க போயிட்டு வாறம் எண்டு சொல்லப்படாது, பேசாமல் எழும்பி வரவேணும் என்று. மன்னாரில் பிறந்த எனக்கு! இதை ஆர் உங்களுக்குப் பழக்கினது என்று கேட்டேன். தெரியாது சேர், இது எங்கட பழைய வழக்கம் என்றார்.

சத்தியமாய் எனக்கு முதலில் கோபம் வந்தது. பழக்கினவள் இவள்தான் என்று போனை எடுத்து உன் படத்தை அந்த மூஞ்சிக்கு முன்னால் பிடிப்போமோ என்று பொக்கற்றுக்குள் கைகூட விட்டேன். பிறகு யோசித்தேன், நடக்கப் பழகின பிள்ளை தன் கையைப் பிடித்தது ஆர் என்று நினைவு வைத்திருக்கிறதா, உன் கையைப் பிடித்தது நான்தான், உனக்கு நினைவிருக்கோ சொல் பார்ப்போம். பொக்கற்றிலிருந்து கையை வெறுமனே எடுத்துவிட்டேன். நானும் அவர்களோடு அந்த வீட்டுக்குப் போனேன். அத்தனை வெள்ளைக்காரரும் பருப்பைப் பரிமாறி, சாப்பிட வைத்து, கோப்பை கழுவி, ஒருவர்பின் ஒருவராய் ஒரு சொல் பேசாமல் எழும்பி வந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். அந்த வீட்டுக்காரர் வாசலில் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கலைந்தது என்றாயே மகள், உன் பெயர் கலைந்திருக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

ஆகவே வருவதென்றால் வா, அறை இருக்கிறது, அம்மா புதுத் தலையணையும் வாங்கிவிட்டா. தோற்று வருகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வராதே, அது பொய். இருப்பதென்றால், அந்த ஒரு கை விரல்களுக்கும் முதலில் சாப்பாடு போடு, பிரசங்கத்தைச் சுருக்கு, நீ சின்னனிலேயே கொஞ்சம் நீட்டித்தான் பேசுவாய். காருக்குப் பனி ரயர் மாற்று. அம்மாவுக்கு வருகிற புதன் கண் ஒப்பரேஷன், மறவாமல் அழை, அவ பயமில்லை என்று சொன்னால் நம்பாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும், நீ கை வைத்த இடமெல்லாம் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
தீர்த்தம் கண்ட உன் அப்பா,
றெமிஜியஸ்.

பி.கு. காரில் திரும்பி வரும்போது றையன் கேட்டார், சேர், உங்களுக்குப் பிள்ளையள் இருக்கோ என்று. ஒரு மகள், ஹலிஃபக்சில் இருக்கிறாள் என்றேன். என்ன செய்யிறா என்று கேட்டார். கழுவின பானை என் மடியில் இருந்தது. உங்களைப் போல இன்னும் கொஞ்சப் பேருக்குப் பழைய வழக்கம் செய்துகொண்டிருக்கிறாள் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.