இரவல் சட்டை

டிசிமின்,
ஞாயிறு மாலை.

செல்ல மருமகள் நெல்சிக்கு,

மெக்சிகோவின் யுகத்தான் மண்ணில் ஜன்னலடிப் பாட்டுச் சக்கரவர்த்தியும், ஏழு ஊர்ப் பெண்களின் ஜன்னல்களைக் குரலாலேயே திறந்தவனும், உன் ஒரே தாய்மாமனுமாகிய எர்மிலோ எழுதுவது. நானும் அத்தை கோன்சாவும் நலம். இங்கே வெயில் எப்படியென்றால், நேற்று எங்கள் கோழி அவித்த முட்டையாகவே இட்டது. உன் நலத்தை உன் அம்மா போனில் சொன்னாள். சொன்னதைவிட அழுததுதான் அதிகம்.

போன கீமோவுக்கு அவள் பூவேலை செய்து தைத்த இப்பீல் அங்கியைப் போட்டுக்கொண்டு மெரிதா ஆஸ்பத்திரிக்குப் போனாயாம். ரோஜா ஒவ்வொன்றும் முட்டைக்கோஸ் அளவு. அழகுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அது தலைவழியாக மாட்டுகிற உடுப்பு. மருந்து ஏறுவதோ கழுத்தெலும்புக்குக் கீழே, நெஞ்சில் பதித்த குழாய் வழியாக. நர்ஸ் அதைக் கழுத்துவரை சுருட்ட வேண்டியதாயிற்று. பக்கத்து நாற்காலிப் பெரியவர், பாவம், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு வந்ததும், "இனிமே நான் போகமாட்டேம்மா, என்னை விட்டுடு" என்று கதவைச் சாத்திக்கொண்டாய்.

"ஆசையா தச்சேன்டா தம்பி, அதுவே வினையாயிடுச்சே" என்கிறாள் அக்கா. அவளைத் திட்டாதே. நம் வீட்டில் பெரிய நாள் என்றால் இப்பீல்தானே. கீமோவையும் திருவிழாக் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

அந்த நர்ஸையே போனில் பிடித்தேன். "முன்பக்கம் பட்டன் வேணும், தொளதொளன்னு இருக்கணும், உறுத்தக்கூடாது. அந்த ரூம் ரொம்பக் குளிரும், முழுக்கையா இருந்தா நல்லதுங்க ஐயா" என்றாள். அடடா, அவள் வர்ணித்தது என் வெள்ளை குவயபெராச் சட்டையை அல்லவா!

பஸ்ஸில் வந்த பொட்டலத்தில் இருப்பது அதுதான். லினன் துணி. கல்யாணத்தன்று போட்டது, அப்புறம் ஆயிரம் ஜன்னல், பத்தாயிரம் சலவை. இன்று அதன் பக்கத்தில் மேகமே சாக்குப்பை. உன்னைப் போல இரண்டு பேர் அதற்குள் குடித்தனம் நடத்தலாம். மேல் பட்டன்களைக் கழற்றினால் போதும், மானம் மரியாதையோடு மருந்து ஏறும். மேல் பையில் லிமா பழத்தோல் இருக்கிறது, குமட்டினால் முகர்ந்துகொள். கீழ்ப் பையில் கம்பளிக் காலுறை. இந்த வெயிலூரில் காலுறை தேடி நான் பட்ட பாட்டைக் காவியமாகவே பாடலாம்.

அத்தைக்குத்தான் கோபம். "சவப்பெட்டிக்குன்னு எடுத்து வெச்ச சட்டையையா ஒடம்பு முடியாத புள்ளைக்கு அனுப்புறீங்க? கொஞ்சமாச்சும் புத்தி வேணாம்?" என்றாள். உண்மைதான், கடைசிப் பயணத்துக்கு அதுதான் என்று ஊருக்கே சொல்லிவைத்திருந்தேன். "அலமாரில எனக்காகக் காத்துக் கெடக்குறதுக்கு, ஒரு நல்ல வேலையப் பாக்கட்டுமேடி" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே இஸ்திரி போட்டுத் தந்ததும் அவள்தான்.

உடுப்புதான் தடை என்றால், உடுப்பு வந்துவிட்டது. உள்ளே வேறு பயம் இருந்தால் எழுது, கண்ணு. அதற்கு அளவெடுக்க நானே புறப்பட்டு வருகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இது இரவல். கடைசி மருந்து முடிந்ததும் நீயே வந்து என் கையில் தர வேண்டும்; பஸ்காரனிடம் கொடுத்தனுப்பினால் வாங்கமாட்டேன். அதுவரை எனக்குச் சாகவும் வழியில்லை. பனியனோடு போனால் சொர்க்கத்தில் உள்ளே விடுவார்களா? எனக்கு அவசரமில்லை, நிதானமாகக் கொண்டுவா. செவ்வாய்க்கிழமை அடுத்த மருந்துக்கு மட்டும் போய்விடு, தாயி.

உன் வரவுக்காகக் கதவைச் சாத்தாமல் வைத்திருக்கும்
மாமன் எர்மிலோ